கட்சி சாராத ஊர் ஆய்வுக் குழுவை ஆரம்பித்து நடத்துவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தருமபுரி பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் நாலு குறை காதில் விழும். ஒகேனக்கல் தண்ணீர் சரியாக வருவதில்லை, தொப்பூர் கணவாயில் மறுபடியும் லாரி கவிழ்ந்தது, மலைக்குப் போகிற பஸ் பாதி நாள் வருவதில்லை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிறது. குறைக்குப் பஞ்சமே இல்லை, அதைப் பற்றி விவரம் தெரிந்து பேசுகிற ஆளுக்குத்தான் பஞ்சம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று பாருங்கள், "எங்க ஊருக்குத் தண்ணியே வரல சார்" என்று சொல்பவர்களின் மனு அடுக்கோடு அடுக்காகப் போய்விடும். "எங்கள் ஊரில் இரண்டு தொட்டி, கிழக்குத் தொட்டியில் போர் தண்ணீர் மட்டும்தான் ஏறுகிறது, அதில் ஃபுளோரைடு இவ்வளவு, ஆய்வக அறிக்கை இதோ" என்று ஒருவர் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

அப்படிப் பேசுவதற்கு ஒரு குழு வேண்டும். முதலில் படிக்கும், பிறகு கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும், அதற்கப்புறம்தான் கோரிக்கை வைக்கும் குழு. இது ஒன்றும் புது யோசனை இல்லை. அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை கிடைத்த 1920-ஆம் ஆண்டிலேயே 'லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்' என்ற சங்கம் தொடங்கி, இன்றும் ஊர் ஊராகக் கிளைகளோடு நடக்கிறது. எந்த வேட்பாளரையும் எந்தக் கட்சியையும் ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இல்லை, ஆனால் பிரச்சினைகளில் நிலைப்பாடு எடுப்பார்கள், அந்த நிலைப்பாட்டையும் உறுப்பினர்கள் படித்து ஒத்துப்போன பிறகுதான் வெளியே சொல்வார்கள். அந்த முறையை அப்படியே நம் ஊராட்சிக்குக் கொண்டுவரலாம், கிராம சபையும் தகவல் உரிமைச் சட்டமும் கையில் இருப்பதால் நமக்கு இன்னும் வசதிதான்.

கீழே முழுக்க ஒரே பிரச்சினையை, குடிநீரை, எடுத்துக்காட்டாக வைத்துப் போகிறேன். உங்கள் ஊருக்குச் சாலையோ பள்ளிக்கூடமோ யானையோ எதுவாக இருந்தாலும் வழி இதேதான்.

ஆள் சேர்ப்பது

ஏழு பேர் போதும், ஆரம்பிக்கலாம். முப்பது பேரை வாட்ஸ்அப்பில் சேர்த்து 'குட் மார்னிங்' படம் வாங்கிக்கொண்டிருப்பதைவிட, மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் நிச்சயமாக வருகிற ஏழு பேர் மேல். யார் அந்த ஏழு பேர் என்பதில்தான் கவனம் வேண்டும். தண்ணீரைப் பற்றிப் படிக்கப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் பிடிக்கிறவர்கள் குழுவில் இருக்க வேண்டும், அதாவது பெண்கள், பேருக்கு ஒருவர் இல்லாமல் பாதிப்பேராவது. ஊர்த்தெருவிலிருந்து மட்டும் ஆள் எடுத்துவிட்டு காலனியை விட்டுவிட்டால் அது ஊர்க் குழு ஆகாது, முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர், அரசு ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகியவர் ஒருவர் இருந்தால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் என்றால் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிறவர் ஒருவர் கட்டாயம், இல்லாவிட்டால் கணக்கெடுப்பில் பாதி வீட்டில் வாசலோடு திரும்புவீர்கள்.

பெயர் வைக்கும்போது 'மன்றம்' வேண்டாம் என்பேன். எந்த நடிகருக்கு என்று கேட்பார்கள். 'குடிமக்கள் ஆய்வுக் குழு' என்று ஊர்ப்பெயரோடு வைத்தால் போதும்.

கட்சி சாராமல் இருப்பது

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. கட்சிக்காரர்களே இல்லாமல் குழு அமைக்கப் பார்த்தால் நம் ஊரில் ஆளே கிடைக்காது, ஏதோ ஒரு கொடிக்குக் கீழே நிற்காதவர்கள் குறைவு. அதனால் உறுப்பினராக யாரும் இருக்கலாம், ஆனால் எந்தக் கட்சியிலும் பொறுப்பில் இருப்பவர் குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகக் கூடாது என்று எழுதி வையுங்கள். தேர்தலில் நிற்பதென்றால் மனு தாக்கல் செய்வதற்கு முன்பே பொறுப்பை விட்டு விலக வேண்டும். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் "அது கட்சித் தேர்தல் இல்லையே" என்று ஒருவர் கிளம்புவார், விதி அதற்கும் சேர்த்துத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சின்ன விஷயங்கள், ஆனால் ஊரார் கண் இவற்றில்தான் இருக்கும். கூட்டத்துக்குக் கரை வேட்டியில் வரக் கூடாது. தலைவர்கள் முகம் போட்ட ஃபிளக்ஸ் வேண்டாம், யாருடைய முகமும் வேண்டாம். கல்யாண மண்டபத்தை இலவசமாகத் தருகிறேன் என்று ஒரு பிரமுகர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட மரத்தடியிலேயே உட்காருங்கள். ஒரு கட்சி எம்.எல்.ஏ.வைப் போய்ப் பார்த்தால் அதே வாரம் தோற்ற வேட்பாளரையும் பார்த்து அதே தாளைக் கொடுங்கள், இரண்டு சந்திப்பையும் கூட்டப் புத்தகத்தில் எழுதுங்கள். கட்சி சாராமை என்றால் எதிலும் கருத்தே சொல்லாமல் ஒதுங்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். குழுவுக்குக் கருத்து கண்டிப்பாக வேண்டும், அது தண்ணீரைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஆளைப் பற்றியதாக இருக்கக் கூடாது.

ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

முதல் கூட்டத்தில் பதினைந்து பிரச்சினை வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், யார் மனமும் நோகாமல். பிறகு மூன்று கேள்வி: இது ஊரில் நிறையப் பேரைத் தொடுகிறதா, இதை அளந்தோ எண்ணியோ காட்ட முடியுமா, இதைச் சரிசெய்யும் அதிகாரம் எட்டுகிற தூரத்தில் இருக்கிறவரிடம் இருக்கிறதா. பெங்களூரு கழிவால் தென்பெண்ணை நுரைப்பது நியாயமான கோபம்தான், ஆனால் இரண்டு மாநிலம் சம்பந்தப்பட்ட அதை முதல் வருடமே எடுத்தால் குழு களைத்துப்போகும். ஊர்த் தொட்டியில் என்ன தண்ணீர் ஏறுகிறது என்பது எட்டுகிற தூரம். ஒரு வருடத்துக்கு ஒரு விஷயம், அவ்வளவுதான்.

படிப்பது: முதலில் காகிதம்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்யுங்கள், மூன்று நான்கு மாதம் ஆனாலும் சரி. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடியில் கடினப் பாறை, அதிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. பல்லில் பழுப்புக் கறை, வருடக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகுவது, முதுகு வளைவது எல்லாம் இதனால்தான். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆக, உங்கள் கேள்வி 'திட்டம் இருக்கிறதா' என்பதாக இருக்க முடியாது. அந்தத் தண்ணீர் உங்கள் தொட்டிக்கு எவ்வளவு வருகிறது, அதோடு போர் தண்ணீர் கலக்கிறதா, கலந்த பிறகு குழாயில் வருவது என்ன, இவைதான் கேள்வி.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகள் சில. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில்தான் 1.5 வரை அனுமதி. இந்த 'வேறு ஆதாரம் இல்லாத' என்கிற நிபந்தனையைப் பலர் படிப்பதே இல்லை. ஒகேனக்கல் குழாய் வந்துவிட்ட ஊரில் 1.4 இருந்தால் "அனுமதிக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்த வரியைக் காட்டுங்கள். அடுத்தது, ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர்.

காகிதத்தை எங்கே வாங்குவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை, பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. தவறான ஆபீஸுக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய ஆபீஸுக்கு மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). பதிலுக்கு 30 நாள். வரவில்லை அல்லது பூசி மெழுகியிருக்கிறார்கள் என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. "ஏன் எங்கள் ஊருக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடுவதில்லை?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆபீஸில் ஏற்கெனவே இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள், இப்படி:

"எங்கள் ஊராட்சியில் உள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள் எத்தனை, ஒவ்வொன்றின் கொள்ளளவு, ஒவ்வொன்றுக்கும் நீர் வரும் ஆதாரம் எது என்ற விவரம் தருக. 1.4.2023 முதல் இன்றுவரை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து இந்த ஊராட்சிக்கு வழங்கப்பட்ட நீரின் மாதவாரி அளவு தருக. இதே காலத்தில் எடுக்கப்பட்ட நீர்ப் பரிசோதனை அறிக்கைகளின் நகல் தருக."

மூன்று கேள்வி போதும். இருபது கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் அரைகுறைப் பதில்தான் வரும்.

படிப்பது: பிறகு தெரு

காகிதம் வருவதற்குள் தெருவில் இறங்குங்கள். முதல் ஆள், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி வால்வு திறந்துவிடுகிறவர். அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் பொறியாளருக்கும் தெரியாது: எந்த நாள் ஒகேனக்கல் தண்ணீர் வரும், எந்த நாள் போர் மோட்டார் போடுவார், எந்தத் தெருக் கடைசிக்கு அழுத்தம் போதாது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரிக் கேட்காதீர்கள், சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், ஊர்த் திட்டு முழுக்க அவருக்குத்தான்.

வீட்டுக் கணக்கெடுப்புக்கு ஒரு பக்கத் தாள் போதும். எத்தனை லிட்டர் வருகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எத்தனை குடம் பிடித்தீர்கள் என்று கேளுங்கள், டக்கென்று சொல்வார்கள். உங்கள் ஊரில் புழங்குகிற பிளாஸ்டிக் குடத்தை ஒருமுறை லிட்டர் பாட்டிலால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் பிடிக்கிறது என்றால் நாலு பேர் வீட்டுக்கு ஏறக்குறைய 15 குடம் வந்தால்தான் அரசு சொல்லும் அளவு. குடிக்க எந்தத் தண்ணீர், சமைக்க எது, கேன் தண்ணீர் வாங்கினால் மாதம் எவ்வளவு செலவு, இதையும் கேளுங்கள். கேன் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஊருக்கே அதிர்ச்சியாக இருக்கும். ஒன்று, வார நாளில் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். பாதி வீடு பூட்டியிருக்கும், மீதி வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார், பிள்ளைகள் பெங்களூரிலோ திருப்பூரிலோ. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் எல்லோரும் வந்திருப்பார்கள், அப்போது எடுங்கள். காலனி, கடைசித் தெரு, தோட்டத்து வீடுகள் எல்லாம் சேர்த்தியாக வேண்டும், சித்தேரி, வத்தல்மலை மாதிரி இடம் என்றால் ஒவ்வொரு மலைக்குக்கிராமமும். வசதியான தெருவை மட்டும் எண்ணினால் வருகிற விடை பொய்யாகத்தான் இருக்கும்.

தண்ணீர் மாதிரி எடுப்பதில் கை சுத்தம் வேண்டும். ஃபுளோரைடு பார்க்க ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி வேண்டாம். குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, பிறகு நிரப்புங்கள். பாட்டில் மேலேயே அழியாத பேனாவால் எழுதுங்கள்: எந்தக் குழாய், என்ன தேதி, எத்தனை மணி, அன்றைக்குத் தொட்டியில் ஏறியது ஒகேனக்கல் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டுமா. கடைசிக் குறிப்பு இல்லாத மாதிரி வெறும் எண்தான், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. போர் மட்டும் ஏறிய நாள், ஒகேனக்கல் மட்டும் ஏறிய நாள், கலந்த நாள் என்று ஒரே குழாயில் மூன்று நாள் எடுங்கள். மாவட்டத்தில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டிப் பரிசோதித்துக் கொடுப்பார்கள். அந்த அறிக்கை அரசின் தாள் என்பதால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

பிள்ளைகளின் பல்லைப் படம் எடுத்துப் போடுவதை விட்டுவிடுங்கள். நோயா இல்லையா என்று சொல்வது மருத்துவர் வேலை, அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும். நடுவில் "காய்ச்சிக் குடித்தால் போய்விடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும்.

கூடிப் பேசி ஒரு தாளுக்கு வருவது

விவரம் வந்ததும் நேரே கலெக்டர் ஆபீஸுக்கு ஓடத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். குழு கூடி, கண்டதை எல்லோர் முன்னும் படித்து, கருத்து கேளுங்கள். கை தூக்கச் சொல்லி நாலுக்கு மூன்று என்று முடிக்காதீர்கள், தோற்ற மூன்று பேர் வீட்டுக்குப் போய்ப் பேசுவதுதான் ஊரில் நிற்கும்.

எடுத்துக்காட்டாக, போர் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றுவதையே நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொல்வார். படித்தவர்களுக்கு அது சரியாகத் தோன்றும். ஆனால் மாடு வைத்திருக்கிற ஒரு அம்மா, "அப்போ மாட்டுக்கும் துவைக்கவும் எங்கே போறது? காவிரித் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் வைத்துப் பேசினால் மூன்றாவது ஒன்று வரும்: இரண்டையும் கலக்காமல் தனித்தனி நேரத்தில் விடுவது, எந்த நாள் எந்தத் தண்ணீர் என்று தொட்டியில் எழுதிப் போடுவது, ஊருக்கு ஒரு இடத்திலாவது ஒகேனக்கல் தண்ணீருக்கு மட்டும் தனிக் குழாய். இதில் முதல் இரண்டுக்கும் பெரிய செலவே கிடையாது. இப்படி ஒரு முடிவு உட்கார்ந்து பேசாமல் வந்திருக்காது.

ஒத்துப்போனதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: கண்டது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, நாங்கள் கேட்பது என்ன, அதைச் செய்ய வேண்டியவர் யார். ஒத்துப்போகாத உறுப்பினரின் கருத்தையும் கூட்டப் புத்தகத்தில் அவர் சொன்னபடியே எழுதுங்கள். வெளியே யார் பேசினாலும் அந்த ஒரு பக்கத்துக்குள் நின்று பேச வேண்டும், மேடை கிடைத்ததும் சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது.

கிராம சபை, அதற்கு மேலே

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நம் விஷயத்துக்குப் பொருத்தமான நாள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் அதற்கும் முன்பே உங்கள் தாளை ஊராட்சி ஆபீஸில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நடத்துகிற காலத்திலும் இதே வழிதான்.

ஆள் வந்தால்தான் கூட்டம் செல்லும். மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வீடு வீடாகப் போய் அழைத்து வாருங்கள். அங்கே நடக்கிற ஒரு பழைய வேலையைக் கவனியுங்கள்: வந்ததும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படும். வருகைக்குக் கையெழுத்து போடுங்கள், அதோடு உங்கள் தீர்மானத்தை வரி வரியாகச் சொல்லி எழுதவைத்து, எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள். வரவு செலவுக் கணக்கு, படிவம் 30, அன்றைக்குப் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மோட்டார் பழுதுக்கு எவ்வளவு செலவு என்று அதில் பாருங்கள், தகவல் உரிமையில் வந்த பதிலோடு ஒத்துப்போகிறதா என்று தெரியும். ஓசூர் மாநகராட்சி மாதிரி நகரப் பகுதி என்றால் வார்டு குழுவும் ஏரியா சபையும்தான் உங்களுக்கு வழி.

தீர்மான நகல் கைக்கு வந்ததும் அதோடு ஆய்வக அறிக்கையும் கணக்கெடுப்புச் சுருக்கமும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலர், குடிநீர் வடிகால் வாரியச் செயற்பொறியாளர், திங்கட்கிழமை கலெக்டர் என்று மூன்று இடத்தில் கொடுங்கள். மனு எண்ணை எழுதிக்கொள்ளாமல் திரும்பாதீர்கள். நிருபர்களுக்கும் அதே ஒரு பக்கம்தான். ஆறு மாதம் கழித்து அதே குழாயில் அதே மாதிரி மறுபடியும் தண்ணீர் எடுத்துப் பரிசோதியுங்கள், வேலை நடந்திருந்தால் அதையும் ஊரறியச் சொல்லி, செய்த அதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். அடுத்த முறை அந்த ஆபீஸ் கதவு சீக்கிரம் திறக்கும்.

பணம், பதிவு

முதல் வருடம் பதிவு அவசியம் என்று நான் நினைக்கவில்லை. ஆள் கூடி, பணம் புழங்க ஆரம்பித்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள், குறைந்தது ஏழு பேர் வேண்டும். சந்தா சின்னத் தொகையாக இருக்கட்டும், எல்லோரும் ஒரே தொகை. நன்கொடை வாங்கினால் யார் கொடுத்தது என்று கூட்டத்தில் வாசியுங்கள். ஒப்பந்ததாரரிடம் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

தேர்தல் வந்தால்

தேர்தல் நேரத்தில் குழுவைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகளில் எதிலாவது 18 வயது நிறைந்தால் பெயர் சேர்க்கலாம் என்பது இன்னும் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. கல்லூரி வாசலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும், எந்தக் கட்சிக்கு என்று கேட்காமல் எழுதிக் கொடுங்கள்.

கூடவே, எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கேள்வித்தாளை ஒரே நாளில் அனுப்புங்கள். "ஜெயித்தால் தண்ணீர் தருவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் தருவேன் என்பார்கள். "ஒகேனக்கல் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலக்காமல் தனித்தனி நேரத்தில் விட என்ன செய்வீர்கள், எப்போதைக்குள்?" என்று கேளுங்கள். வந்த பதில்களை ஒரு எழுத்துகூட மாற்றாமல், வேட்பாளர் பெயரின் அகரவரிசையில், ஒரே அளவு எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். பதில் அனுப்பாதவர் பெயருக்கு எதிரே 'பதில் வரவில்லை' என்று மட்டும் போடுங்கள்.